நெல்லைப் பக்கம் புதுத் தொழிலுக்குக் கல்லூரி மாணவர்களைச் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே வேலைவாய்ப்புப் பிரிவையும் பார்த்துக்கொண்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் "நாலு நல்ல பிள்ளைகளாகக் காட்டுங்கள் சார்" என்று வருகிறார்கள். அவர்கள் கேட்பதும், அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக்கு எழுதியது இது. சென்னைக்கும் பெங்களூருக்கும் கணக்கு வேறு.

கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். இங்கே மிச்சம் இருப்பவர்களை வைத்து என்ன செய்வது?

"மிச்சம்" என்ற எண்ணத்தோடு வருகிறவருக்கு நான் யாரையும் காட்டுவதில்லை.

ஊரை விட்டுப் போவது நமக்குப் புதிதில்லை. திருக்குறுங்குடியில் பிறந்து, பின்னாளில் டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரைக்குப் போய்த்தான் 1911-இல் பஸ் விட்டார். ஆனால் போகாதவர்களும் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் மதிப்பெண் குறைந்ததால் தங்குவதில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருக்கும், தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருப்பான், மகளைத் தனியாக வெளியூர் விடுதிக்கு அனுப்ப அம்மாவுக்கு மனம் வராது, வயலைப் பார்க்க வேறு ஆள் இருக்காது. துறையில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த பெண்கள், படிப்பு முடிந்ததும் ஒரு பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கான ஆள் அங்கே இருக்கிறார்.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தபோது, கிராமத்தில் உட்கார்ந்து மென்பொருளா என்று கேட்டவர்கள் உண்டு. இன்று அதே இடத்தைக் காட்டி "நாமும் அப்படிச் செய்துவிடலாம்" என்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த நிறுவனம் தொடங்கியது 1996-இல். பதினைந்து ஆண்டு வியாபாரம் செய்து, கையில் பணத்தோடு அங்கே வந்தது. நீங்கள் முதல் மாதச் சம்பளத்தையே யோசித்துக் கொடுக்கும் நிலையில் இருக்கிறீர்கள். மாணவர்களிடம் பேசும்போது இந்த வித்தியாசத்தை மறைக்காதீர்கள். அவர்களுக்கு அது தெரியும்.

எந்தக் கல்லூரியில் தேடுவது?

கல்லூரியைத் தேடுவதைவிடத் துறையைத் தேடுங்கள். 'கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் வேண்டும்' என்றுதான் எல்லாரும் வருகிறார்கள். தொழில் என்ன என்று விசாரித்தால் கருப்பட்டியையும் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும் இணையத்தில் விற்பது. அதற்கு வேண்டியது நிரல் எழுதுகிறவர் அல்லர். பொருள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம் என்று சோதித்துச் சொல்ல ஒரு வேதியியல் மாணவரோ நுண்ணுயிரியல் மாணவரோ வேண்டும். கூரியர் செலவு, ஜி.எஸ்.டி., திரும்பி வரும் பொருள் எல்லாம் போக எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஒரு வணிகவியல் மாணவர் வேண்டும். இணையக் கடையை ஆயத்தமாக மாத வாடகைக்கே வாங்கலாம்.

இங்கே இருக்கும் வளத்தைப் பாருங்கள். தூய சவேரியார் கல்லூரி 1923-இல் தொடங்கியது. அதன் நாட்டார் வழக்காற்றியல் துறை கள ஆய்வுக்குப் பெயர் பெற்றது. முன்பின் தெரியாத ஊரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, பெரியவர்களைப் பேசவிட்டு, கேட்டதைக் கேட்டபடி பதிவு செய்யும் பயிற்சி கள ஆய்வு செய்த மாணவர்களுக்கு இருக்கும். பத்தமடை பாய் நெய்கிறவர்களோடும் காருகுறிச்சியில் மண்பாண்டம் வனைகிறவர்களோடும் தொழில் செய்ய நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல சந்தை ஆய்வாளர் எங்கே கிடைப்பார்? அபிஷேகப்பட்டியில் 1990-இல் அமைந்த மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. குற்றவியல் துறைகூட இருக்கிறது. இணைய மோசடியைத் தடுக்கும் தொழில் தொடங்கியவர்கள் அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை.

நிரல்தான் வேண்டும் என்றால் திருநெல்வேலியில் 1981-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி, கோவில்பட்டியில் நேஷனல் இன்ஜினீயரிங் கல்லூரி என்று வரிசை இருக்கிறது. ஆனால் அங்கே பெரிய நிறுவனங்களும் வரும். வள்ளியூர், ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்கு ஆள் தேடுகிறவர் மின்னியல், இயந்திரவியல் டிப்ளமோ மாணவர்களைப் பாருங்கள். கோபுரம் ஏற அஞ்சாத பையனின் மதிப்பெண் பட்டியலில் அந்தத் தகுதி எழுதியிருக்காது.

வேலைவாய்ப்பு அலுவலரைப் பார்ப்பதா, துறைத் தலைவரைப் பார்ப்பதா?

மரியாதைக்கு முதலில் வேலைவாய்ப்பு அலுவலர். விஷயத்துக்குத் துறைத் தலைவர். ஆளைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் ஆய்வகப் பொறுப்பாளர். மணி அடித்த பிறகும் போகாமல் கருவியோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை யார் என்று அவருக்குத்தான் தெரியும்.

கல்லூரி உங்களிடம் புரிந்துணர்வு ஒப்பந்தம் கேட்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவிடம் காட்டும் கோப்புக்கு அது தேவைப்படுகிறது. கையெழுத்துப் போடுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் படம் எடுத்ததோடு மாணவர் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் "எத்தனை மாணவர், எந்த மாதம், வாரத்துக்கு எத்தனை மணி, யார் பொறுப்பு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்குக் கல்லூரி தயங்கினால் அது படத்துக்கான ஒப்பந்தம்தான்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

நவம்பரிலும் ஏப்ரலிலும் போகாதீர்கள். அது பருவத் தேர்வுக் காலம். பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு தொடங்கியதும் பெரிய நிறுவனங்களின் தேர்வு வந்துவிடும், அப்போது உங்கள் பேச்சு யார் காதிலும் ஏறாது. மூன்றாம் ஆண்டு மாணவர்களை ஜனவரி, பிப்ரவரியில் பாருங்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் மே மாதம் நல்ல காலம். அந்த விடுமுறையில் நாலு வாரம் சேர்ந்து வேலை செய்து பார்த்தால் இரண்டு தரப்புக்கும் தெரிந்துவிடும்.

சில கல்லூரிகளில் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று உண்டு. காலை ஷிஃப்ட் மாணவருக்குப் பிற்பகல் முழுவதும் ஓய்வு. பகுதி நேர வேலைக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனாலும் எழுபத்தைந்து சதவீத வருகைப் பதிவு குறையக் கூடாது. உங்கள் அவசரத்துக்காக ஒரு மாணவர் தேர்வு எழுத முடியாமல் போனால், அந்தத் துறையின் கதவு உங்களுக்கு மறுபடி திறக்காது.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? நேர்காணலில் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்களே?

ஒரே பயிற்சி வகுப்பில் படித்தால் அப்படித்தான் பேசுவார்கள். "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால் "அதிகமாக உழைப்பதுதான் சார்" என்று பதில் வரும். அதை விட்டுவிட்டு, உங்கள் தொழிலில் நிஜமாகவே இருக்கும் ஒரு சின்ன வேலையை அரை நாளுக்குக் கொடுங்கள். அதற்குப் பணமும் கொடுங்கள்.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை விலையைக் கைப்பேசியில் தரும் செயலி உங்கள் தொழில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்து விலைப் பட்டியலை வேண்டுமென்றே சில தவறுகளோடு கொடுங்கள். ஒரு நாள் தக்காளி விலையில் ஒரு பூஜ்யம் கூடியிருக்கட்டும், இன்னொரு நாள் கிலோவும் பெட்டியும் மாறியிருக்கட்டும். அதை வரைபடமாக்கச் சொல்லுங்கள். சிலர் அழகான வரைபடம் தருவார்கள், தவறு அப்படியே இருக்கும். சிலர் தவறைக் கண்டு தாங்களாகவே திருத்திவிடுவார்கள். ஒருவர் மட்டும் வந்து, "இந்த விலை சந்தேகமாக இருக்கிறது சார், சந்தையில் யாரிடம் கேட்கலாம்?" என்பார். அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தானாகத் திருத்துகிறவருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம், வேலையில் சேர்ந்த ஆறு மாதத்தில் பெரிதாகத் தெரியும்.

இந்தச் சோதனையில் வந்ததை உங்கள் வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டு, யாரையும் சேர்க்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவர்கள் பெயர் ஒரே இரவில் கெட்டுவிடுகிறது.

ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்றால்?

உங்கள் வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் பேசுகிறாரா? இல்லையென்றால் இந்தக் கேள்வியே வேண்டாம். ஆம் என்றால், எழுத்தாங்கிலம் எப்படி என்று பாருங்கள். பேச்சு பழக்கத்தில் வந்துவிடும்.

மாணவர்தானே, சான்றிதழ் கொடுத்தால் போதாதா? எவ்வளவு பணம் கொடுப்பது?

போதாது. முதல் வாரம் உங்களைச் சுற்றி வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்கிறவருக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் தரலாம். அவர் செய்த ஒன்றை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நாளிலிருந்து அது வேலை.

தொகைக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வரும் சித்தாளுக்கு என்ன நாள் கூலி என்று விசாரியுங்கள். அதைவிடக் குறைவாக ஒரு இறுதியாண்டு மாணவருக்குத் தரப்போகிறீர்கள் என்றால் அவரிடம் அதற்கேற்ற வேலையை மட்டும் எதிர்பாருங்கள். வாரத்துக்கு இத்தனை மணி, மணிக்கு இவ்வளவு என்று எழுதி, மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் மாணவரின் சொந்த வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கும் இல்லை, அவருக்கு அனுபவச் சான்றும் இல்லை.

படிப்பை முடித்தவர் என்றால் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் பழகுநராகச் சேர்க்கலாம். 2019 விதித் திருத்தத்தின்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாய். தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 30 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்துக்குப் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். இந்தத் தொகைகளை அவ்வப்போது உயர்த்துவார்கள் என்பதால், சேர்க்கும் நாளில் அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துச் சிறு தொழில்காரர்கள் இந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்டும் பதிவு செய்யாமல் இருப்பது எனக்கு விளங்காத சங்கதி.

சம்பளம் குறைவாகத்தான் தர முடியும். கம்பெனியில் பங்கு தருகிறேன் என்று சொல்லலாமா?

முதலில் உங்களிடம் கம்பெனி இருக்கிறதா என்று பாருங்கள். தனி உரிமையாளர் பெயரில் ஜி.எஸ்.டி. எண் வாங்கி நடத்தும் தொழிலில் பங்கு என்று ஒன்றே கிடையாது. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்திருந்தால் ஊழியர்களுக்குப் பங்குரிமை, அதாவது பின்னாளில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, தரலாம். அதற்கும் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பங்குதாரர்களின் தீர்மானம் வேண்டும். உரிமை வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழித்தே அது கைக்கு வரும். அதைப் பெறுகிறவர் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த மாணவருக்கு இந்த வழியில் பங்கு தர முடியாது.

ஆகவே டீக்கடையில் உட்கார்ந்து "உனக்கு இரண்டு சதவீதம் தம்பி" என்று சொல்வது வாக்குறுதியே அல்ல. எதில் இரண்டு சதவீதம், லாபத்திலா, பங்கிலா, விற்பனையிலா என்று அந்தத் தம்பி கேட்கமாட்டான், கூச்சப்படுவான். இரண்டு ஆண்டு கழித்து அவன் மாமா வந்து கேட்பார். விற்பனையில் இத்தனை சதவீதம் ஊக்கத்தொகை என்று எழுதிக் கொடுப்பது எளிது, நேர்மையும்கூட.

இன்னொன்று: மாணவரை உற்சாகப்படுத்த 'மேலாண்மை இயக்குநர்' என்று அட்டை அடித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

பயிற்சி கொடுத்து ஆளாக்கியதும் ஓடிவிடுகிறார்கள். பாண்டு எழுதி வாங்கலாமா? சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

அசல் சான்றிதழைத் தொடாதீர்கள். அடகுப் பொருளைப் போல மதிப்பெண் பட்டியலைப் பிடித்து வைத்து, அதற்காகத் திண்டாடிய பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள்.

பாண்டைப் பொறுத்தவரை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 'விலகிய பின் ஐந்து ஆண்டு வேறெங்கும் இதே வேலை செய்யக் கூடாது' என்ற வரி காகிதத்தில் மிரட்டத்தான் உதவும். நீங்கள் நிஜமாகவே காசு கட்டி ஒரு வெளிப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தால், அந்தச் செலவில் நியாயமான பங்கைக் கேட்கும்படி எழுதிக்கொள்ளலாம். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததற்கு லட்ச ரூபாய் என்று போட்டால் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. பதினெட்டு நிறையாதவர் போட்ட கையெழுத்து ஒப்பந்தமே ஆகாது. முதலாண்டு மாணவர்களில் அந்த வயதினர் உண்டு.

மாணவர் எழுதிய நிரல், வரைந்த வடிவம் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வியை முதல் நாளில் ஒருவரும் கேட்பதில்லை. முதலீட்டாளர் வந்து ஆவணம் கேட்கும்போதுதான் ஓடி வருகிறார்கள்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழோ பழகுநர் ஒப்பந்தத்தின் கீழோ ஒருவர் தம் பணியின் பகுதியாகச் செய்தது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். ஊழியராகவோ பழகுநராகவோ இல்லாமல் பகுதி நேரமாக, சில வாரப் பயிற்சிக்கு, 'சும்மா உதவிக்கு' வந்தவர் செய்தது அப்படித் தானாக உங்களுக்கு வராது. அவர் எழுத்தில் உரிமை மாற்றித் தர வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். துபாயில் விற்கலாம் என்று நினைத்திருப்பவர் இந்த ஒரு வரியை மறந்தால் சிக்கல்தான். ஒரு பக்கக் காகிதம் போதும், வழக்கறிஞருக்கு அதிகம் செலவாகாது.

கல்லூரி ஆய்வகத்தில், கல்லூரிக் கருவியில் செய்த புராஜெக்ட் என்றால் கல்லூரிக்கும் அதில் பேச்சு இருக்கும். முன்கூட்டியே கேளுங்கள்.

(ஒரு தாயார் கேட்டது) புதுக் கம்பெனி என்கிறார்கள், மாடியில் இரண்டு அறை. மகளை நம்பி அனுப்பலாமா?

நேரில் போய்ப் பாருங்கள் அம்மா. போனால் முகம் சுளிக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டாம். சம்பளம் எழுத்தில் இருக்கிறதா, வேலை எத்தனை மணிக்கு முடியும், வேறு பெண்கள் இருக்கிறார்களா, கழிப்பறை தனியாக உண்டா என்று கேளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வந்தவர்களையும் சேர்த்தே காக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

தொழில் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முக்கூடலுக்கும் களக்காட்டுக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். அம்பாசமுத்திரம், கடையம் பக்கத்துப் பிள்ளைகள் செங்கோட்டை ரயிலையும், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பிள்ளைகள் திருச்செந்தூர் ரயிலையும் பிடிக்க வேண்டும். ஆறு மணிக்கு 'ஒரு சின்ன மீட்டிங்' வைக்கிறவரிடம் பெண் பிள்ளைகள் மூன்றாம் மாதம் நிற்கமாட்டார்கள். வீட்டில் சொல்லும் காரணம் வேறாக இருக்கும்.

(ஒரு மாணவர் கேட்டது) டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதில் சேர்ந்தால் அது கெட்டுவிடாதா?

முழு நேரம் சேர்ந்தால் கெடும். காலையில் மாவட்ட மைய நூலகத்தில் படித்துவிட்டுப் பிற்பகல் நாலு மணி நேரம் வேலை என்றால் இரண்டும் நடக்கும். தேர்வு எழுதுவதை மட்டும் முதலாளியிடம் மறைக்காதே. தேர்வுக்கு முந்தைய மாதம் விடுப்பு வேண்டும் என்று சேரும்போதே கேட்டு வாங்கு. ஒப்புக்கொள்ளாதவர் நல்லவராகவே இருக்கலாம், உனக்குப் பொருந்தமாட்டார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று அழைப்பவரிடம் போகாதே. அவர் தொழில் மூடினால் அவருக்கு இன்னொரு தொழில் இருக்கும்.

அடிக்கடி லீவு கேட்கிறார்களே?

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கும், பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கும் போகாதே என்று சொன்னால் ஆளையே இழப்பீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரின் கொடைத் தேதியையும் கேட்டு நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். குற்றாலத்தில் சாரல் விழும் சனிக்கிழமைக்கு என்னிடம் மருந்தில்லை.

அரசு உதவி ஏதாவது உண்டா?

தமிழ்நாடு புத்தொழில் இயக்கத்தின் வட்டார மையம் திருநெல்வேலியில் இருக்கிறது. தொழில் தொடங்க முதல் பணம் தரும் ஆதார நிதித் திட்டம் பற்றி அங்கே கேட்கலாம். கடனும் மானியமும் என்றால் மாவட்டத் தொழில் மையம். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சி பெற்ற மாணவர்களின் விவரம் கல்லூரிகளில் கிடைக்கும். மானியம் வந்த பின் சம்பளம் தருகிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். மானியம் அதன் போக்கில் வரும், மாணவரின் பஸ் கட்டணம் நாளைக் காலையே வேண்டும்.

நன்றாக வேலை செய்த மாணவர், பெங்களூரில் இரண்டு மடங்கு சம்பளம் கிடைத்துவிட்டது, போகிறேன் என்கிறார். என்ன செய்வது?

கூட்டித் தர முடிந்தால் ஒரு முறை, ஒரே ஒரு தொகை சொல்லிப் பாருங்கள். முடியாதென்றால் கெஞ்சவும் வேண்டாம், நன்றி கெட்டவன் என்று துறைத் தலைவரிடம் சொல்லவும் வேண்டாம். பாக்கியைக் கடைசி நாளிலேயே தீர்த்துவிடுங்கள். என்ன வேலை செய்தார் என்று விவரமாக ஒரு சான்று கொடுங்கள். கடவுச்சொற்கள், வாடிக்கையாளர் எண்கள், பாதியில் நிற்கும் வேலைகள் எல்லாவற்றையும் இன்னொருவருக்கு அருகில் இருந்து சொல்லிக்கொடுக்க இரண்டு வாரம் கேளுங்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் அவருடைய ஜூனியர்களில் யார் தேறுவார் என்று ஒரு பேச்சுப் போட்டுவையுங்கள். என் வேலைவாய்ப்புப் பிரிவுப் பட்டியலைவிட அவர் சொல்லும் பெயர் சரியாக இருக்கும்.